எஞ்சினுக்குச் சட்டை தைத்தவள்

பட்டறைத் தெருவில் அவளை உறையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வண்டிகளின் புகைக்குழாய்க்கு உறை தைப்பது அவள் வேலை. எஞ்சினை விட்டு வெளியே வரும் குழாய் ஓட்டத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். பக்கத்தில் போகிற ஒயரும் ரப்பர் குழாயும் அந்தச் சூட்டில் இளகி, வெடித்து, கடைசியில் பொடியாக உதிரும். அதைத் தடுக்கத்தான் உறை. கண்ணாடி இழைத் துணியை அடுக்கி, எஃகு நூலால் தைத்து, குழாயின் மேல் சுற்றிக் கம்பியால் இறுக்குவார்கள்.

துணியை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தை மூடிக்கொண்டாலும் கழுத்து அரிக்கும். வீட்டுக்குப் போனதும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் அவள் யாரையும் தொடுவாள்.

"எனக்கும் ஒரு சட்டை தச்சுக் குடேன் அக்கா" என்பார் எதிர்க்கடை பெயிண்டர்.

"உன் வாய்க்கு வேணா ஒண்ணு தச்சுத் தரேன்" என்பாள், தையலிலிருந்து தலை தூக்காமலே.

கணவன் விட்டுப் போனபின் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி ஒரு பழைய வேன் ஓட்டினான். அலுவலகம் போகிறவர்களை ஏற்றி இறக்குவான். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் எஞ்சின். குழாயை மூடியிருந்த தகரத் தடுப்பு துருப்பிடித்து, ஓடும்போதெல்லாம் லொடலொடவென்று அடித்துக்கொண்டது. வண்டியில் வருகிறவர்கள் முணுமுணுத்ததும் அவன் அதைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டான். சத்தம் நின்றது, சூடு ஏறியது. சாயங்காலம் வீடு திரும்பும்போது அவன் வலது தொடை சிவந்து கிடக்கும். ஒருமுறை இருக்கையைத் தூக்கிப் பார்த்த உறையக்கா, ஒயர்களின் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்குவதைக் கண்டாள்.

"நான் ஒரு உறை தச்சு மாட்டிடறேன்டா."

"வேணாம்க்கா. வண்டி இப்படியே ஓடட்டும். நீ எதையாவது சுத்திவிட்டா மெக்கானிக் திட்டுவாரு."

"ஊரான் வண்டிக்கெல்லாம் தைக்கிறேன். என் தம்பி வெந்து சாகணுமா?"

அடுத்த விடுமுறையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளே வண்டிக்கடியில் படுத்து உறையை மாட்டினாள். நல்ல தையல். இருக்கையும் சூடாகவில்லை. தம்பி கொஞ்ச நேரம் முறைத்தான், பிறகு வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போனான்.

எஞ்சினின் மேல் மூடி கசிந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. முன்பு எண்ணெய் வெறுங்குழாயில் சொட்டினால் உடனே கருகும். நாற்றமும் புகையும் வரும், வண்டியை நிறுத்திப் பார்க்கத் தோன்றும். இப்போது சொட்டியதையெல்லாம் துணி குடித்துக்கொண்டது. வெளியே வாசனைகூட வரவில்லை. விளக்குத் திரி எண்ணெயில் ஊறுவதுபோல அது ஊறிக்கொண்டே இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலை நேரம், நீளமான மேட்டில் ஆட்களோடு ஏறும்போது வண்டி தீப்பிடித்தது. தம்பி ஓரங்கட்டி ஆட்களை இறக்கினான். பின்கதவு சிக்கிக்கொண்டதால் உள்ளே ஒரு வயதானவர் மாட்டிக்கொண்டார். அவரை இழுத்து வெளியே போட்டபோது இவன் சட்டையில் தீ பிடித்திருந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நினைவு நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற உறையக்காவுக்கு, உள்ளே அவன் மனைவியிடம் பேசுவது கேட்டது.

"அக்காவ ஒண்ணும் சொல்லிடாத. நான்தான் உறை வேணும்னு கேட்டு வாங்கினேன். அவ எண்ணெய் கசிவு இருக்கான்னு கேட்டா. நான்தான் இல்லன்னேன்."

அவன் கேட்கவும் இல்லை, அவள் விசாரிக்கவும் இல்லை. உள்ளே ஓடிப்போய் அதைச் சொல்லிவிட அவள் வாய் வரை வந்தது. அவன் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்காமலே அந்த வாரத்தில் அவன் போய்விட்டான்.

அதன்பின் அவள் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. வேறு வழியும் இல்லை. ஆனால் உறையைக் கையில் கொடுத்தனுப்புவதை நிறுத்தினாள். யார் வந்தாலும் வண்டிக்கடியில் படுத்து, வெள்ளைத் துணியால் எஞ்சினைச் சுற்றித் துடைத்துப் பார்ப்பாள். துணியில் கறை பட்டால் உறை கிடையாது.

ஒருநாள் பெரிய கார்க்காரர் ஒருவர் கத்தினார். "உங்க வேலை தைக்கிறதா, வண்டிக்கு வைத்தியம் பாக்கிறதா? கொஞ்சூண்டு கசிவு, அதுக்கு என்ன இப்போ?"

"முதல்ல கசிவ அடைச்சிட்டு வாங்க."

அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். பட்டறை முதலாளி எல்லோர் முன்னாலும் அவளைக் கண்டபடி பேசினார். வீட்டுக்கு வந்தவள் குளித்துவிட்டுச் சாப்பிடாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தம்பி போனதிலிருந்து அவள் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்த அன்புதான் உறையக்காவை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க அண்ணி."

"பசிக்கல."

தம்பி மனைவி எதிரில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க உறை மாட்டின அன்னிக்கே அவரு என்கிட்ட புலம்பினாரு. வேணாம்னு சொல்லியும் அக்கா கேக்காம மாட்டிட்டான்னாரு. ஆஸ்பத்திரியில சொன்னது பொய்னு அப்பவே தெரியும்."

உறையக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பறம் ஏன் என்கூட இருக்க?"

"கோவம் இல்லன்னு நினைக்காதீங்க. சில நாள் உங்க முகத்தப் பாக்கவே பிடிக்கல. ஆனா எனக்கும் உங்கள விட்டா யாரு இருக்கா? உங்கள ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு, அவரு கடைசியா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். அதையாவது நான் செய்யணும்ல."

பிறகு தம்பி மனைவி தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க வெளியே போனாள்.