முனீஸ்வரி அக்கா ஆடிய ஆட்டம்

விளாங்குடி முனீஸ்வரி அக்கா உள்ளங்கை இரண்டையும் விரித்து ஒரு தட்டுத் தட்டினால் திண்டுக்கல் ரோட்டில் லாரி நிற்கும், யானைமலை எழுந்து உட்காரும், வைகை நின்று திரும்பிப் பார்க்கும், ஓடத் தண்ணீர் இருந்தால். இப்போது தட்டியது தன் பருத்திப்பால் வண்டி முன்னால் நின்ற வரிசையில் புகுந்த ஒருவனுக்காக. “நீ என்ன அழகரா மாப்ள, எல்லாரும் வழிவிட? பின்னாடி போ.” போனான்.

அக்கா திருநங்கை. மீசை முளைக்காத பயலை “சார்” என்பார், போலீஸ்காரரை “தம்பி” என்பார். வண்டிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. பையனை விரும்பும் பையன்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் வீட்டில் சொல்ல முடியாததை அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். வானவில் பேரணி நடத்துவதென்று முடிவானதும் அங்கேதான். நான் பருத்திப்பால் குடிக்க மட்டும் போவேன்.

“அக்கா, நீங்க முன்னாடி ஆடிக்கிட்டு வாங்க. அப்பத்தான் சனம் பாக்கும்” என்றான் சிவபாண்டி. ஏற்பாடெல்லாம் அவன்தான்.

“பேசுறது யாரு?”

“சென்னையிலருந்து வாராக.”

“கல்லடிக்கு எங்க மூஞ்சி முன்னாடி, மைக்குன்னா பின்னாடியா? ஆட மாட்டேன். பேசச் சொன்னா வாரேன்.”

சிவபாண்டி டம்ளரை வைத்துவிட்டு நழுவினான்.

பேரணியில் பாதிப் பேர் முகமூடியில். அக்கா முகத்தில் பவுடர் மட்டும். பேச அழைப்பில்லை, ஆனாலும் வந்தார், ஆடாமல் கொடியோடு விறைப்பாக நடந்தார். பாதி வழியில் சிவபாண்டியின் முகமூடிக் கயிறு அறுந்தது. எதிரே டீக்கடையில் ஒருவர் கூட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். “ஐயோ, சித்தப்பா” என்று அவன் குனிந்தான்.

அக்கா கொடியைப் பக்கத்தில் வந்தவரிடம் கொடுத்துவிட்டு நேரே போய் அவர் முகத்துக்கு முன்னால் ஒரு தட்டு. அப்புறம் ஆடினார் பாருங்கள். அவர் இடப்பக்கம் சாய்ந்தால் அக்காவும் இடப்பக்கம். செல்போன் முழுக்கச் சேலை. “என்னய எடுங்கண்ணே, இம்புட்டு அழகு வேற எங்க கிடைக்கும்?” டீக்கடையே சிரித்தது. சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பேரணி முடிந்து மேடையில் சிவபாண்டி மைக்கை முதலில் அக்காவிடம்தான் கொடுத்தான்.

“மூஞ்சியக் காட்டுனவுகளும் என் பிள்ளைகதான், காட்டாதவுகளும் என் பிள்ளைகதான்” என்றார் அக்கா. “அடுத்த வருசம் யாராச்சும் என் கூட முன்னாடி நடங்க. தனியா நடந்து காலு வலிக்குது.”

மறுநாள் நான் வண்டிக்குப் போய், ஒன்றும் தெரியாத மாதிரி, “பேரணின்னு ஏதோ நடந்துச்சாம்ல?” என்று கேட்டேன்.

“ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு மேடை ஓரமா அழுதது யாருடா?”

“தூசிக்கா.”

“ஹெல்மெட்டுக்குள்ளயா?”

என் டம்ளரை வாங்கி, சுக்குப்பொடியை அள்ளிப் போட்டுக் கலக்கி நீட்டினார். “இந்தா, இப்ப அழு. யாரும் கேட்டா காரம்னு சொல்லிக்க.”