ரெண்டாம் தடவை கட்டிய புடவை

ஒரு விசேஷத்துக்குக் கட்டிய புடவையை அடுத்ததுக்கும் கட்டினால் ஏளனமாகப் பார்ப்பார்களோ என்று எனக்குப் பயம். எட்டாவதோடு படிப்பை விட்டவள், வீட்டுக்காரரும் இல்லை. புடவையிலாவது குறை இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மலிவாக ஒன்று எடுப்பேன். ஒரே தண்ணியில் சாயம் போய் குப்பைக்குத்தான் போகும். எந்தப் புதுப் புடவையைப் பார்த்தும் யாரும் என்னிடம் பேசியதில்லை.

போன ஆவணியில் அரியலூரில் கல்யாணம். எடுத்த புதுசைப் பிரித்தால் மடிப்பிலேயே கிழிசல். வேறு வழியில்லாமல், முன்பு ஒரு கல்யாணத்துக்குக் கட்டி, சாயம் போகாமல் மிஞ்சியிருந்த பச்சைக் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன்.

பக்கத்து இலையில் ஒரு அம்மா என்னையே பார்த்தார். "மீன்சுருட்டியில நடந்த கல்யாணத்துலயும் இதானே கட்டியிருந்தீங்க?"

நான் முந்தானையைச் சுருட்டி மடியில் மறைத்தேன்.

"அன்னைக்கும் என் பக்கத்துலதான் சாப்பிட்டீங்க. மூஞ்சி மறந்துட்டேன், புடவைய வச்சுத்தான் கண்டுபுடிச்சேன். ரசம் வாங்கிக்குங்க. இப்பவும் தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க" என்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் புதுசு எடுக்கவில்லை. எந்த விசேஷத்துக்கும் அந்தப் பச்சைதான். அந்த அம்மா வந்திருந்தால் என்னை அடையாளம் தெரிய வேண்டுமே.