முனியப்பனுக்கு நேர்ந்த சேவல்

கோழி என்றாலே எனக்குக் குமட்டும். அதிலும் இந்தச் சிறுவிடை நாட்டுக்கோழி இருக்கிறதே, கையளவு உடம்பை வைத்துக்கொண்டு அது பண்ணுகிற அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமல்ல. தரையில் நிற்காது. ஆள் தும்மினால் போதும், கூரைக்குப் பறந்துவிடும். காயப்போட்ட புடவை, ஊறவைத்த அரிசி, என் தலையணை, எல்லாவற்றிலும் எச்சம். மத்திகிரியில் இந்த லைன் வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, பக்கத்து வீட்டு நாகம்மாவின் கோழிகளைக் கரித்துக்கொட்டாத நாளில்லை.

"கோழிய ஏன்க்கா திட்டறீங்க, என்னத் திட்டுங்க" என்று சிரிப்பாள் அவள்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். காலையில் கம்பெனி வேனில் போய் கேன்டீனில் பாத்திரம் கழுவுவாள். திரும்பியதும் கோழிகளுக்குக் கேழ்வரகு இறைப்பாள். அதுகள் பறக்காமலிருக்க ஒரு பக்கச் சிறகை மட்டும் கத்தரித்துவிடுவாள். ஒரு பக்கம் குறைந்தால் எழும்பும்போதே சாய்ந்து விழுந்துவிடும்.

ஒரே ஒரு செஞ்சேவலின் சிறகை மட்டும் தொடமாட்டாள். போன வருஷம் அவள் புருஷன் சிவராஜ் மஞ்சள் காமாலையில் சாகக் கிடந்தபோது ஊர் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது அது. சாமிக்கு விட்டதில் குறை வைக்கக் கூடாதாம். ஆடியில் ஊருக்குக் கொண்டுபோய் அறுத்துப் படைக்கவேண்டும். படைக்காவிட்டால் புருஷன் மறுபடி படுத்துவிடுவான் என்று அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். அந்தத் திமிரிலோ என்னவோ, சேவல் தினமும் மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் திம்மப்பனின் புதுக் கார்மேல் ஏறிக் கழிந்துவைத்தது.

"நோடு, இங்க பாரு நாகம்மா, ஒரு நாளு இல்ல ஒரு நாளு இத கொழம்பு வச்சிடுவேன்" என்பார் மாடியிலிருந்து.

"சாமிக்கு விட்டதுங்க. ஆடி வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்று கும்பிடுவாள்.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்குப்போசி நிறையக் கோழிக்குழம்போடு திம்மப்பன் இறங்கி வந்தார். "வூட்ல விசேஷம், சாப்பிடுங்க" என்றார். பண்டிகைக்கு ஒரு கரண்டி பாயசம் கொடுத்தறியாத மனுஷன்! நாகம்மா பூரித்துப்போய்ப் புருஷனுக்கு ஊற்றினாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"இது பிராய்லர் இல்லடி. சிறுவிடை. எலும்பப் பாரு" என்றான் சிவராஜ், சப்பிக்கொண்டே.

நாகம்மாவின் கை அப்படியே நின்றது. வெளியே ஓடி, "பா, பா, பா" என்று கூப்பிட்டாள். பெட்டைகள் எல்லாம் வந்தன, சேவலைக் காணோம். மாடிப்படிக்கு அடியில் கிடந்த குப்பை மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே சிவப்பு இறகுகள்.

திம்மப்பன் மறைக்கக்கூட இல்லை. மாடியில் நின்றபடியே சொன்னார்: "ஆமா, நான்தான் அறுத்தேன். ஆனா ஒரு சொட்டு வாயில வைக்கல. எங்க வூட்ல யாரும் வைக்கல. உன் சேவல், உன் வேண்டுதல், உன் புருஷன் வயித்துக்கே போயாச்சு. தோஷம் இருந்தா அது உங்களோட."

சீ! எத்தனையோ எச்சம் துடைத்திருக்கிறேன், இப்படி ஓர் அசிங்கத்தைப் பார்த்ததில்லை. சாமிக்குப் பயந்து தான் சாப்பிடமாட்டானாம், பாவத்தை மட்டும் அடுத்தவன் தட்டில் பரிமாறுவானாம். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! சிவராஜ் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

நாகம்மா அழவில்லை. உள்ளே போய்த் தூக்குப்போசியை எடுத்து வந்தாள். பாதிக் குழம்பு கை படாமல் இருந்தது. கொல்லை வாழையில் ஓர் இலை அறுத்துக்கொண்டு படியேறினாள். திம்மப்பனின் நிலைப்படிக்கு நேரே இலையை விரித்துக் கறியைக் கொட்டினாள். சூடம் ஏற்றினாள்.

"ஏய், என்னா பண்ற?" என்று உள்ளேயிருந்து கதவருகே ஓடிவந்தார் திம்மப்பன்.

"படையல் வைக்கறேங்க. நீங்கதான் வாயில வைக்கலையே, எச்சில் ஆகல."

இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். "முனியப்பா, உன்னோடத இங்கதான் அறுத்தாங்க. அறுத்த எடத்துலயே நீ குந்திக்கோ. இனி வருஷா வருஷம் உனக்குச் செய்யறது இந்த வூட்டுக்காரரு. எம் புருஷன விட்டுடு."

திம்மப்பனின் முகம் வெளுத்துவிட்டது. இலையைத் தாண்டி வெளியே வரவும் பயம், கையால் எடுத்துப் போடவும் பயம். "நாகம்மா, தாயி, இலைய எடுத்துடும்மா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"சாமி சாப்பிட்டு எந்திரிக்கட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு, புருஷனின் முதுகைத் தடவிவிட இறங்கிப் போனாள் நாகம்மா.