கத்தி எந்தப் பக்கம்?

கத்தியை இடது கெண்டைக்காலில் கட்டி, நாலடி நடந்து பார்த்து, அவிழ்த்து, வலது காலில் கட்டுகிறார் ராக்கையா. ராசிங்காபுரத்தில் ஒரு கிணற்றுக்குள் விழுந்துவிட்ட மோட்டாரை எடுக்க வந்திருக்கிறார். மோட்டாரின் சொந்தக்காரர் அதற்குள் இரண்டாவது டீயும் குடித்துவிட்டார்.

கொச்சித் துறைமுகத்தில் பதினொரு வருடம் கப்பலடியில் முங்கி வேலை பார்த்தவர். கடல் எட்டிக்கூடப் பார்க்காத போடிக்குக் காற்று சிலிண்டரோடு திரும்பினார். கிணறுகளும் மலைமேல் ஏலத்தோட்டத்துக் குளங்களும்தான் இப்போது அவருடைய கடல். உடம்பு மிதக்காமலிருக்க இடுப்பில் ஏலக்காய்க் கடையில் கழித்த எடைக்கற்கள். சிலிண்டரை மாட்டவேண்டியது முதுகிலா விலாவிலா என்று கைபேசிக் குழுவில் ஒரு தூத்துக்குடிக்காரரோடு எட்டு மாதமாகச் சண்டை. "கெணத்துக்குள்ள முதுகுல மாட்டுனா ஆமைதான் மாப்ளே, திரும்ப முடியாது" என்று குரல் பதிவு அனுப்புவார். மறுநாள் தானே முதுகில் மாட்டிக்கொண்டு நிற்பார். இன்றும் முதுகில்தான்.

அவர் உடம்பில் கட்டிய கயிற்றை மேலே பிடிப்பது மனைவி முத்துப்பேச்சி. கீழிருந்து கயிறு ஒருமுறை வெட்டி இழுபட்டால் சுகம். இருமுறை என்றால் தூக்கு.

"கத்திய நெஞ்சுல கட்டுங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? அந்த ஒடுக்கத்துல குனிய முடியுமா?"

"நீ கயித்தப் பாரு. கொச்சியில எல்லாரும் கால்லதான்" என்று சொல்லி இறங்கினார்.

கால் மணி நேரத்தில் கயிறு இருமுறை வெட்டியது. இழுத்தாள், ஆள் வரவில்லை. மோட்டார்க்காரரும் சேர்ந்து இழுத்தார். குமிழிதான் வந்தது.

"விடுங்கண்ணே, எதுலயோ மாட்டிக்கிட்டாரு."

வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்தவளிடம் ஓடி அருவாளைப் பிடுங்கி வந்தாள். பிடியில் ஒரு கம்பி வளையத்தை மாட்டி, அதைக் கயிற்றில் கோத்து, நேராக அவரிடம் சறுக்கி விட்டாள். பிறகு உதட்டைக் கடித்தபடி குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நூற்றுச் சொச்சம் குமிழிக்குப் பிறகு ராக்கையா அருவாளோடு மேலே வந்தார். உள்ளே கிடந்த பழைய நைலான் கயிறு சிலிண்டரின் கழுத்தைச் சுற்றி, குனியவிடாமல் பிடித்திருக்கிறது. மூச்சு வந்ததும் அவர் முதலில் சொன்னது: "எடது கால்ல கட்டியிருந்தா எட்டியிருக்கும்."

பேச்சி கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கயிற்றின் நுனியை இன்னும் கையில் சுற்றி வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். காலிலிருந்து கத்தியை அவிழ்த்தார். மார்பின் இடப்பக்கம் வைத்துப் பார்த்தார்; வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தையல்காரர் முன் அளவுக்கு நிற்பவரைப்போல, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.