கமிட்டிக்கு அரைப்பேர்

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் சங்கம் ஒரு வாசிப்பறை நடத்துகிறது. டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நான் எட்டு வருடமாக அதன் செயலாளர். கண்டிப்பானவள் என்று பெயர். புத்தகம் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்ற விதியும், மாலை ஐந்துக்கு அறையைப் பூட்டும் விதியும் நான் எழுதியவை. எட்டு வருடத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் பதிவேட்டோடு போய் அலமாரியைத் திறந்தால், உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை! எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. இன்னொரு சாவி எங்கள் கமிட்டியில் இருந்த கொழுந்து பறிக்கும் அக்காவிடம்தான் இருந்தது. அவர் மலையிலிருந்து இறங்கி வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"புத்தகமெல்லாம் எங்கக்கா? வெளிய போகக்கூடாதுன்னு தெரியாதா?"

"வெளிய எங்கங்க போச்சு? நம்ம லயத்து வீடுகளுக்குத்தானே போயிருக்கு" என்றார், கொழுந்துச் சாக்கை இறக்கிக்கொண்டே. "நாங்க கொழுந்த எடை போட்டுட்டு வர்றப்ப நீங்க பூட்டிருவீங்க. அதான் சாக்குல போட்டு வீடு வீடா குடுத்துட்டேன்."

"யாருகிட்ட கேட்டீங்க?"

"கேட்டா வேணாம்பீங்கன்னுதான் கேக்கல."

அவரைக் கமிட்டியிலிருந்து நீக்க வேண்டுமென்று அன்றே தலைவருக்குக் கடிதம் எழுதினேன். தலைவர் ஓய்வுபெற்ற மாஸ்டர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அக்காவிடமிருந்து தகவல் வந்தது. நீக்குவதாக இருந்தால் நீக்கட்டும், ஆனால் கமிட்டி வழக்கமாகக் கூடும் என் கடைப் பின்னறையில் வைத்து வேண்டாம், பெரட்டில் எல்லார் முன்னாலும் வைத்து நீக்கட்டும் என்று. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்குத்தான் பெரட்டுக்களம் என்று பெயர். மாஸ்டர் தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கி, பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கூட்டம் வைத்தார்.

தூறலில் குடையோடு போய் நின்றேன். இத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கவில்லை. எல்லார் கையிலும் புத்தகம்! சிலர் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒன்றில் அடுப்புப் புகை வாடை, இன்னொன்றில் தேத்தண்ணிக் கறை. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. புரட்டிப் பார்த்தபோது அந்தக் கறை கடைசிப் பக்கத்தில் இருந்தது. அறையில் இருந்த காலத்தில் கடைசிப் பக்கம்வரை யாரும் போனதாக எனக்கு நினைவில்லை.

மாஸ்டர் குற்றத்தை வாசித்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்.

"தப்புத்தாங்க. ஆனா ஒண்ணு. எங்களுக்குக் கொழுந்து கொறைஞ்சா அரப்பேருதான், பாதி நாள் சம்பளம். இந்தக் கமிட்டிக்கு யாருங்க பேர் போடுறது?"

சிரிப்பு கிளம்பியது. மாஸ்டரும் சிரித்துவிட்டு, "ஞாயந்தானே! இன்னைக்கு நீங்களே போடுங்க" என்றார். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த வருடம் வாசிப்பறைக்கு என்ன செய்தேன் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன்.

"பத்திரமாப் பூட்டி வச்சேன்" என்றேன்.

"அரப்பேரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். களமே அதிர்ந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எத்தனை அடக்கியும் முடியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

உடனே பதிலுக்குக் கேட்டேன்: "சரி, இந்தக்கா யாருக்கு எதக் குடுத்தாங்கன்னு எழுதி வச்சாங்களா?"

அக்கா தலையைச் சொறிந்தார். கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது.

"அவங்களுக்கும் அரப்பேருதான்" என்றது அதே குரல். "ரெண்டு பேரையும் புத்தகத்தோட ஒண்ணா லயத்துக்கு அனுப்புங்க மாஸ்டர். ரெண்டு அரப்பேரு சேந்தா ஒரு முழுப்பேரு ஆயிரும்ல!"

நீக்கும் கடிதத்தை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கமிட்டி பெரட்டில் வந்து நிற்க வேண்டும் என்று தீர்மானம். அதை எழுதியதும் நான்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக முன்னால் போகிறார், நான் பதிவேட்டோடு மூச்சிரைக்கப் பின்னால் போகிறேன். "மொதலாளியம்மா, எழுத்து பொறவு, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு புத்தகம் தொலைந்தும் விட்டது. எந்த வீட்டில் என்று எனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன பெரட்டில் என் முறை வந்தபோது, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவள்போல் நின்றேன். அதே குரல் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, பிறகுதான் சொன்னது: "முழுப்பேரு போடுங்க."

கோயில் விழாக்களில் எனக்குப் பொன்னாடை பல போர்த்தியிருக்கிறார்கள். எதற்கும் நான் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததில்லை.