திரும்பச் சொல்லுங்க

"ரெண்டு டீ. ஒண்ணு சர்க்கரை இல்லாம. எங்க, திரும்பச் சொல்லுங்க?"

அட்டுவம்பட்டி டீக்கடைத் திருமலைச்சாமி பாலை ஆற்றுவதை நிறுத்தாமலே, "ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை இல்ல, பிரதர்" என்று ஒப்பித்தார். சைமன் தலையாட்டினார். கடையில் எங்கள் இருவரைத் தவிர ஆளே இல்லை. தப்பாகக் கேட்டிருக்க வழியே இல்லை. இருந்தாலும் கேட்டார்.

பஸ் கண்டக்டரிடமும் இதே கேள்விதான், மளிகைக்கடையிலும் இதேதான். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மனைவி அனிட்டா வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். அவரை மாத்திரை சாப்பிடச் சொல்லிவிட்டு, "எங்க, திரும்பச் சொல்லு" என்று இவர் ஆரம்பித்தால், "நான் ஒண்ணும் உங்க வார்டு ஸ்டாஃப் கெடையாதுங்க" என்று அந்தப் பக்கம் குரல் உயர்வது அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கே கேட்கும்.

சைமனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கொடைக்கானலில் முப்பது படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதன் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. ஒல்லியான உடம்பு, பழுப்பு ஸ்வெட்டர், கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்பக்கம். வயதான நோயாளிகள் பழக்கதோஷத்தில் "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் திருத்த மாட்டார், "இந்தா வந்துட்டேன்" என்று போய் நிற்பார். ஞாயிறு பூசையில் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, முடிவதற்குக் கொஞ்சம் முன்பே எழுந்துவிடுவார். வாசலில் நின்று பேச யாருக்கும் அவர் அகப்படுவதில்லை. நானும் ஏழு வருடம் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்த பிறகுதான் இந்தக் கதையைக் கேட்க முடிந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாத மத்தியானம். பூம்பாறையில் பூண்டு பயிரிடும் கந்தவேல் என்பவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். காலில் மண்வெட்டி பட்ட காயம், சீழ் பிடித்து, காய்ச்சலில் நினைவு தப்பிக்கொண்டிருந்தது. காயத்தைக் கிழித்துச் சுத்தம் செய்ய வேண்டும், இங்கே முடியாது என்று டாக்டர் சுசித்ரா பழனிக்கு அனுப்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் சைமன் பழனி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விவரம் சொன்னார். கடைசியாகச் சொன்னது: "இவருக்குப் பென்சிலின் ஒத்துக்காது." மூடுபனி நாள், சிக்னல் விட்டு விட்டு வந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் "சரிங்க" என்றது. இவர் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் காதில் விழுந்தது "பென்சிலின்" என்ற ஒரு சொல் மட்டும். மலையிலேயே ஒரு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மேலே போட்டு ஒன்றும் ஆகாதவருக்கு இங்கே சோதித்துப் பார்க்க வேண்டாமே என்று அடுத்த ஊசியைப் போட்டார்கள். கையோடு கொடுத்துவிட்ட கடிதத்தில், ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுத ஓர் இடமே கிடையாது. அன்று சாயங்காலம் கந்தவேல் இறந்துபோனார்.

மேலே உள்ள ஆஸ்பத்திரி, "நாங்கள் சொல்லிவிட்டோம்" என்றது. கீழே உள்ளது, "எங்களுக்குச் சொல்லவில்லை" என்றது. கந்தவேலின் மனைவி ராக்காயி ஒரு மஞ்சள் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் பஸ்ஸில் ஏறி இறங்கினார். சைமனின் வார்டு வாசலிலும் இரண்டு தடவை வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவையும் சைமன் பின்பக்க வழியாக வெளியேறினார். இதை என்னிடம் சொல்லும்போது டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ராக்காயி மூன்றாம் தடவை வருவதற்கு முன், சைமனே பூம்பாறைக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. ராக்காயி முற்றத்தில் பூண்டு காய வைத்துக்கொண்டிருந்தார்.

"போன்ல சொன்னது நாந்தாம்மா. அவுங்க காதுல என்ன விழுந்துச்சுன்னு நான் கேட்டுக்கல. அது என் தப்பு."

ராக்காயி கையில் இருந்த பூண்டைத் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எதுக்குய்யா நாயா அலையிறேன்?" என்றார். மறுபடி பூண்டைப் பரப்பிக்கொண்டே, "அந்த ஊசி அவருக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும்ல. பழனியில வெளிய பெஞ்சுலதான ஒக்காந்து கெடந்தேன். வெரசா உள்ள போனாங்க, வந்தாங்க. ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார்.

சைமன் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினார்.

விஷயம் தெரிந்ததும் நிர்வாகம் அவரை வார்டிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றியது. கூடவே பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர்கள், "இவரு யோக்கியராம், நம்மளயெல்லாம் மாட்டிவிடப் பாக்காரு" என்றார்கள். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எட்டு மாதம் இருந்தார். "நாள் முழுக்க மருந்துப் பேர வாசிப்பேன். வேற யாருகிட்டப் பேச? வாய் விட்டே வாசிப்பேன்" என்றார். அனிட்டாவிடம்கூட அந்த எட்டு மாதமும் எதையும் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவளை எதற்குக் கலங்கடிப்பது என்று விட்டுவிட்டாராம்.

அங்கேதான் ஒருநாள் போன் வந்தது. "அண்ணே, நான் ஜெயப்பிரியா. பழனி. அன்னைக்கு 'சரிங்க'ன்னு சொன்னது நாந்தான்." சைமன் பூம்பாறைக்குப் போய்வந்த செய்தியை அவள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் கேட்டதை அவள் சொன்னாள், இவர் சொன்னதை இவர் சொன்னார். நடந்தது என்ன என்று அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. அதுவரை இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் பாதிப் பாதியாகத்தான் தெரிந்திருந்தது. "ரெண்டு பேரும் அழுதோம். அவ சத்தமா, நான் இங்கிட்டு மெதுவா" என்றார் சைமன்.

இருவரும் சேர்ந்து ஒரு தாள் எழுதினார்கள். ஒரு நோயாளியை இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கூடவே போக வேண்டிய தாள். ஒத்துக்கொள்ளாத மருந்து எது, எந்த ஊசி போட்டாயிற்று, எத்தனை மணிக்கு. போனில் சொன்னதைக் கேட்டவர் திரும்பச் சொன்னாரா. கடைசி வரி: "கூட வந்தவரிடம் கேட்டீர்களா?" சுசித்ரா டாக்டர் அதை எடுத்துக்கொண்டு இரண்டு நிர்வாகங்களிடமும் பேசினார். அவர்கள் ஒத்துக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று. இன்று மலையிலும் அடிவாரத்திலுமாக ஐந்து ஆஸ்பத்திரிகளில் அந்த ரோஸ் நிறத் தாள் இருக்கிறது. சைமன் வார்டுக்குத் திரும்பிவிட்டார். புதிதாக வரும் பிள்ளைகள் அதற்கு "சைமன் தாள்" என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஐந்து ஆஸ்பத்திரி நர்ஸுகளும் பெருமாள்மலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுகிறார்கள். நடந்த தப்பை, நடக்க இருந்து தப்பியதைச் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் திட்டக்கூடாது. யாருக்கும் முதலில் வாய் வராது என்பதால் ஒவ்வொரு மாதமும் சைமன் முதலில் எழுந்து தன் கதையைச் சொல்கிறார். அதன் பிறகு மற்றவர்கள் பேசுகிறார்கள். பெயர் ஒன்றுபோல் இருந்த இரண்டு நோயாளிகள், லேபிள் மாறிய ரத்தப் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. போன வருடம் மட்டும் பதினோரு தப்புகள் நடப்பதற்கு முன்பே பிடிபட்டன என்று ஜெயப்பிரியா என்னிடம் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் கும்பல் கும்பலாகச் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். சைமன் நாற்காலிகளை அடுக்குவார்.

போன மாதக் கூட்டத்துக்கு ராக்காயியை அழைத்திருந்தார்கள். ஜெயப்பிரியாவின் யோசனை. நானும் போயிருந்தேன். சைமன் வழக்கம்போல எழுந்தார். இருபது தடவைக்கு மேல் சொன்ன கதை, அன்று பாதியில் தடுமாறியது. ராக்காயி கடைசிவரை குனிந்த தலை நிமிராமல் கேட்டார். தாளின் கடைசி வரியை வாசித்தபோது மட்டும், "ஆமா. அதத்தான் கேக்கணும்" என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

திரும்பும்போது கொடைக்கானல் பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் ஒரே வண்டி. நான் பின்னால் உட்கார்ந்தேன். ராக்காயிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க" என்றார்.

"இருக்கட்டும்மா" என்றார் சைமன்.

கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகடு பாதியில் சிக்கி, சாரல் ராக்காயியின் மேல் அடித்தது. அவர் இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லை. சைமன் குனிந்து, இரண்டு கையாலும் தகட்டை அழுத்திக் கீழே இறக்கினார். ஸ்வெட்டர் கை முழங்கை வரை நனைந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, காலியாக இருந்த அந்த இருக்கைக்குப் பக்கத்திலேயே, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.