கடைசியாக வெளியேறும் வேலை

கம்பெனியில் தீப்பிடித்தால் யார் என்ன செய்வது என்று பிரித்தபோது, எனக்குக் கடைசியாக வெளியேறும் வேலை வந்தது. எல்லோரும் போன பிறகு டாய்லெட், ஸ்டோர், உடை மாற்றும் அறை என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் வர வேண்டும்.

"மத்தவங்களுக்கெல்லாம் புள்ளைங்க இருக்குதுங்கக்கா. நீங்க தனிக்கட்டைதானே, கொஞ்சம் லேட்டா வந்தா என்ன?" என்றார் சூப்பர்வைசர். தருமபுரிக்காரர். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். கணவர் இறந்தபின் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஜூஜுவாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஒத்திகை நாட்களில் மற்றவர்கள் வெளியே மரத்தடியில் பேசிக்கொண்டு நிற்பார்கள். நான் உள்ளே, "யாராச்சும் இருக்கீகளா?" என்று காலி அறைகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பதில் வராவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். அதற்குப் பழகிவிட்டேன்.

ஒரு மத்தியானம் உண்மையாகவே தீப்பிடித்தது. பேக்கிங் பகுதியில், பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கி ஒட்டும் மெஷினில் பொறி பறந்து அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டன. சைரன் அலறியபோது ஒத்திகை என்று நினைத்து மெதுவாகத்தான் எழுந்தார்கள். கறுப்புப் புகையைக் கண்டதும் ஓட்டம். பயிற்சி பெற்ற ஆண்கள் தீயணைப்பு சிலிண்டர்களோடு பேக்கிங் பக்கம் போனார்கள்.

டாய்லெட்டில் யாருமில்லை. ஸ்டோரிலும் இல்லை. உடை மாற்றும் அறைக் கதவைத் தட்டினேன், கத்தினேன். பதிலில்லை. திரும்பிப் போக இருந்த நான், என்னவோ தோன்றிக் கதவைத் தள்ளினேன். எனக்கு முதுகைக் காட்டி ஒருத்தி நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உத்தனப்பள்ளியிலிருந்து புதிதாகச் சேர்ந்தவள், காது கேட்காது. என் வயதுதான். கேன்டீனில் தனி மேசையில் சாப்பிடுவாள். இவளும் நம்மைப்போல என்று நினைத்துக்கொள்வேனே தவிர, ஒருநாளும் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை.

தோளைத் தொட்டேன். திடுக்கிட்டாள். தீயை எப்படிக் கையால் சொல்வதென்று தெரியாமல் ஏதோ செய்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். நடைவழி முழுக்கப் புகை. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தி, குனிந்தபடி நடந்தோம். வெளியே வரும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. யாரும் என் கையை அப்படிப் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மரத்தடியில் எல்லார் காதிலும் போன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அழாத", "நல்லாத்தான் இருக்கறேன்" என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே சேதி. நானும் போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் மறுபடி பைக்குள் வைத்தேன். அவளோடு உட்காரலாம் என்று திரும்பினேன்.

அவள் போனைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோவில் கைகளால் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு ஆணும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினார்கள். அவள் அழுதாள், சிரித்தாள், என்னை இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். அந்த மனிதர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதற்குமேல் என் கைகளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மெல்ல விலகிக்கொண்டேன்.

தீயணைப்பு வண்டி வந்தபோது தீ அடங்கியிருந்தது. யாருக்கும் காயமில்லை. "இத நாங்க யாருமே யோசிக்கலீங்க" என்று சேஃப்டி ஆபீசர் அவளிடம் எழுதிக் காட்டி வருத்தப்பட்டார். பிறகு எல்லா அறைகளிலும் சைரனோடு சேர்ந்து மின்னும் சிவப்பு விளக்கு மாட்டினார்கள். தட்டினால் போதாது, திறந்து பார்க்க வேண்டும் என்று விதியும் மாறியது.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனேன். யூனிபார்மில் புகை நாற்றம். வீட்டுக்காரம்மா அதைப் பற்றிக் கேட்பாள் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன்.

"போர் தண்ணி வுட்டிருக்குது, சீக்கிரம் புடிச்சுக்கம்மா" என்றாள்.

"இன்னைக்குக் கம்பெனில..." என்று ஆரம்பித்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் போய்விட்டாள்.

வாளியில் தண்ணீர் பிடித்து யூனிபார்மை ஊறப்போட்டேன். இரண்டு தடவை அலசியும் நாற்றம் போகவில்லை. கொடியில் போட்டுவிட்டு வந்து சோறு வடித்தேன்.